ஓஷ் வரை போகும் சாலை

நாங்கள் மூன்று பேரும் சந்தித்தது டெல்லியில், ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்பில். நான் மதுரையிலிருந்து வந்திருந்தேன். இன்னொருத்தி திருநெல்வேலி. அவளும் நானும் முனிர்காவில் ஒரே அறையில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரைக் கையால் தொடலாம். மூன்றாமவள் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா கும்பகோணத்திலிருந்து மத்திய அரசு வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் தோழியைக் கூப்பிடும் இந்தி ‘யார்’ அதில் அடிக்கடி ஒட்டிக்கொள்ளும். பஸ் போர்டில் தமிழ் இருந்தால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒருவரை ஒருவர் ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகி, எங்களுக்குள் நெல்லை, டெல்லி, மதுரை என்றே ஆகிவிட்டது.

தேர்வில் நான் மட்டும் தேறினேன். ஓர் அமைச்சகத்தில் உதவியாளராகச் சேர்ந்து இப்போது செக்‌ஷன் ஆபீசர். லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெல்லை தேர்வை விட்டுவிட்டுத் தாவரவியல் ஆராய்ச்சிக்குப் போனாள். டெல்லி ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். கணவர், பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன். வருஷங்கள் போனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு மட்டும் என் வீட்டில் மூன்று பேருக்கும் பொதுவாகவே இருந்தது.

கிர்கிஸ்தான் என்ற பெயர் எங்களிடம் வந்தது நெல்லை மூலமாக. அவள் ஆராய்ச்சி செய்த காலத்தில் பல்கலைக்கழக விடுதியில் பக்கத்து அறைப் பெண் அந்த நாட்டுக்காரி. கோடை வந்தால் ஊரே ஆடு, குதிரைகளை ஓட்டிக்கொண்டு மலைமேல் ஓர் ஏரிக்குப் போய்விடும், கம்பளிக் கூடாரத்தில்தான் இருப்போம் என்று அந்தப் பெண் சொல்லி, போட்டோ காட்டியிருக்கிறாள். சோங்-குல் என்று ஏரிக்குப் பெயர். சுற்றி ஒரு மரம்கூடக் கிடையாது. புல், தண்ணீர், வானம், அவ்வளவுதான். நெல்லை அந்தப் போட்டோவை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பல வருஷம் கழித்தும் அதில் எந்தப் பக்கம் குதிரை நின்றது என்று அவளால் சொல்ல முடிந்தது.

ஒரு நவம்பர் ஞாயிறு. வெளியே புகை. எல்லா ஜன்னலையும் அடைத்து, இடுக்குகளில் பழைய துணியைச் செருகியிருந்தேன். டெல்லியின் பையனுக்கு மூச்சிரைப்பு. வீட்டில் அவன் அப்பாவோடு இருந்தான். அவள் சாப்பாட்டில் கையே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“எங்கேயாவது போலாம் யார்,” என்றாள். “மூணு பேர் மட்டும். எனக்கு ஒரு பத்து நாள் சரியா மூச்சு விடணும்.”

“எங்க போகணும்?” என்றேன்.

நெல்லை தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “ஏட்டி, அந்த ஏரிக்குப் போவோமா?”

அன்று மத்தியானமே மேப்பைத் திறந்தோம். அரைமணி நேரத்துக்குள், ஏரிக்கு மட்டும் போனால் போதாது என்றாகிவிட்டது. வடக்கே பிஷ்கெக்கில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, மலைகளைத் தாண்டி, ஏரியில் தங்கி, நாட்டைக் குறுக்காகக் கடந்து தெற்கே ஓஷ் வரைக்கும் நாங்களே ஓட்டிக்கொண்டு போவது. விமானத்தில் ஏறினால், மதுரைக்கு ரயிலில் போகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அங்கே கடிகாரமும் நம்முடையதைவிட அரைமணி நேரம்தான் முன்னால். இவ்வளவு பக்கத்திலா இருந்தது என்று டெல்லி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது தப்பு, நானே இழுத்து வைத்துக்கொண்டேன். யாரோ ஒரு டிரைவர் காரின் கண்ணாடிக்குப் பின்னால் கேமராவை வைத்து எடுத்துப் போட்ட வீடியோக்கள் நிறைய இருந்தன. பேச்சே இருக்காது, சாலை மட்டும் வரும். ஆபீசிலிருந்து வந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பேன். எந்த வளைவுக்குப் பிறகு ஆறு இடப்பக்கம் வரும், எந்த இடத்தில் தார் போய் ஜல்லி ஆரம்பிக்கும் என்பதெல்லாம் பழகிவிட்டது. வழிப்பலகைகளைப் படிக்க அந்த நாட்டு எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவருக்கும் பரீட்சை வைப்பேன். நெல்லை எல்லாவற்றையும் தப்பாகப் படிப்பாள்.

சண்டையும் வந்தது. டெல்லிக்கு வெந்நீர் வரும் ஹோட்டல் வேண்டும். நெல்லைக்குப் புல்வெளியில் செடிகளைப் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்க வேண்டும். எனக்கு நிற்கவே கூடாது, ஒரு நாட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துவிட வேண்டும். வெந்நீருக்கு ஓர் இரவு, ஏரிக்கு இரண்டு இரவு, மீதியெல்லாம் சாலை என்று ஒருவழியாக முடிவானது.

அரசு வேலையில் இருப்பவர்கள் வெளிநாடு போக ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். என் கோப்பு மேலே போனபோது அண்டர் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார்.

“கிர்கிஸ்தானா? அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?” என்று இந்தியில் கேட்டார்.

“யாரும் இல்லை சார்.”

“கோயில், கீயில்?”

“இல்லை சார்.”

“அப்புறம் எதுக்கு?”

“சாலை நன்றாக இருக்கும் சார்,” என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எங்களில் கார் ஓட்டத் தெரிந்தவள் நெல்லை மட்டும்தான். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். பழகிக்கொள்ள வேண்டுமே என்று விடிந்ததும் ஒரு காலி பார்க்கிங் மைதானத்துக்கு அவளுடைய பழைய காரில் போனோம். அவள் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலக்கையால் கியர் மாற்றிப் பார்த்தாள்.

“ஏட்டி, பழக்க தோசத்துல கியரு போடுதேன்னு கதவத் தொறந்துருவேம்லா,” என்றாள்.

பின் சீட்டில் டெல்லி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைதானத்துக் காவல்காரர் அருகில் வந்து, ஓட்டுகிற இடத்தில் ஏன் யாருமே இல்லை என்று கேட்டார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். டெல்லி மாமிசம் தொடமாட்டாள். அங்கே மலைமேல் ஆட்டிறைச்சியைத் தவிர என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், பொரித்த அப்பளம், ஊறுகாய் என்று பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்பினேன். மீன் கடைகளின் முன்னால் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். வலது கால் வழுக்கியது. சாக்கடை மூடியின் ஓரத்தில் பாதம் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் மறுபக்கம் விழுந்தது. ‘மடக்’ என்ற சத்தம் எனக்கே கேட்டது.

மளிகைக் கடைக்காரர் ஓடிவந்து பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து என்னை உட்கார வைத்தார். பாதம் போகக்கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வலி அப்போது பெரிதாகத் தெரியவில்லை. ஏரிக்கரையில் குதிரை ஏறலாம் என்று பேசி வைத்திருந்தோமே, அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம், காரில் உட்கார்ந்து வர இந்தக் கால் போதும் என்றுதான் கணக்குப் போட்டேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கணுக்காலில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. தகடு வைத்துக் கட்டினார்கள். ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்றார் டாக்டர்.

சாயங்காலம் இரண்டு பேரும் வந்து கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். டெல்லி அழுதாள். “கேன்சல் பண்ணிடலாம் யார். அடுத்த வருஷம் போலாம்.”

“எதுக்கு? டிக்கெட் இருக்கு, விசா வந்திருச்சு. போயிட்டு வாங்க,” என்றேன்.

“ஒன்ன விட்டுட்டு எப்படிட்டிப் போவ?” என்றாள் நெல்லை.

“வீடியோ அனுப்புங்க. போங்க.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டெல்லி மெதுவாக, “பக்கா? நிஜமா?” என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். இன்னும் இரண்டு தடவையாவது மறுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் நெல்லைக்கு அந்தப் போட்டோ எத்தனை வருஷத்து ஏக்கம் என்பது எனக்குத் தெரியும். டெல்லிக்கு அந்தப் பத்து நாளை வீட்டில் கேட்டு வாங்க எவ்வளவு பாடு என்பதும் தெரியும். கிளம்பும் அன்று, நான் வாங்கிய பையை அவர்களே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்குத் துணையாக, எங்கள் குடியிருப்பில் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண் பகல் முழுக்க இருந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. புருஷனுக்குக் கட்டட வேலை. சமைத்து வைத்துவிட்டு, என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே என்னோடு சேர்ந்து போனைப் பார்ப்பாள்.

முதல் இரண்டு நாள் படங்கள் மழையாக வந்தன. பிஷ்கெக்கின் அகலமான தெருக்கள். வாடகைக் கார், வெள்ளை நிறம். மலைக்குள் நுழையும் ஒரு பள்ளத்தாக்கு. அந்த வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே, “இப்ப ஆறு இந்தப் பக்கம் வரும் பாரு,” என்றேன். வந்தது. அந்தப் பெண் என்னை ஏதோ ஜோசியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பிறகு ஏரிக்குப் போனார்கள். அங்கே சிக்னல் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும், நானே அவர்களிடம் சொல்லி அனுப்பியதுதான். இருந்தாலும் அந்த இரண்டு நாளும் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. வெளியே ஜூன் மாத வெயில். கூலரில் தண்ணீர் ஊற்ற ஊற்ற வற்றியது. கட்டுக்குள் கால் வியர்த்து அரித்தது. இந்நேரம் அவர்கள் சுவெட்டர் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பேன். இப்போது கூடாரத்துக்குள் டீ. இப்போது வெளியே வந்திருப்பார்கள். இல்லாத ஒரு காரின் பின் சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை அந்த வீடியோ வந்தது. ஒரு மேட்டில் ஏறி, கேமரா திரும்புகிறது, ஏரி. கரையிலிருந்து தூரத்து மலைவரை ஒரே நீலம். காற்றின் இரைச்சல். டெல்லியின் தலைத்துணி பிய்த்துக்கொண்டு பறக்கிறது. எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும் நெல்லை இதில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்கிறது. சின்ன வீடியோதான். முடிய முடியத் திரும்ப வைத்தேன்.

“இதான் நீங்க போறதா இருந்த எடமாக்கா?” என்றாள் அந்தப் பெண்.

“ம்.”

“அய்ய, அழுவாதக்கா. தண்ணி தான. எங்க எழுந்து போயிடப் போவுது?”

அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அவள் கீரைக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு எழுந்து டீ போடப் போனாள்.

அன்றைக்கு மத்தியானம் நெல்லையிடமிருந்து போன். குரலில் பதற்றம். ஏரியிலிருந்து தெற்கே இறங்கி, மேற்கே மலைகளுக்கு நடுவில் போகும் மண்சாலையில் ஓஷ் போவதாகத் திட்டம். பாதி வழியில் ஒரு கிராமத்தில், மழையில் பாலம் உடைந்துவிட்டது என்று சைகை காட்டி வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்களாம்.

“ஒரு மனுசனுக்கும் நம்ம பாஷை புரியல. கைய குறுக்க வச்சிக் காட்டுதான். நாங்க நடு ரோட்டுல நிக்கோம்ட்டி. திரும்பி பிஷ்கெக்குக்கே போயிரட்டா?”

பின்னாலிருந்து டெல்லியின் குரல்: “ஓஷ் ஃப்ளைட்டை விட்ருவோம். அவகிட்ட கேளு, ஜல்தி!”

நான் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேப்பைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

“பெட்ரோல் எவ்வளவு இருக்கு?”

“பாதிக்கு மேல.”

“அப்ப பயப்படாதீங்க. வந்த வழியே திரும்பிப் பெரிய ரோட்டைப் பிடிங்க. ஏரிக்கு ஏற வேண்டாம். நேரா வடக்க கொச்கோர்னு ஒரு ஊர் வரும். இன்னைக்கு அங்க தங்கிருங்க. காலையில அங்கருந்து இடது பக்கம் பிரியிற ரோட்டுல மேற்கே போங்க. ஒரு ஆறு கூடவே வரும். அதை விடாம போனா கிசில்-ஒய்னு ஒரு சின்ன ஊர். அதைத் தாண்டினா ஓஷ் போற ஹைவே.”

“நீ சொல்லுத ரோடு நல்லா இருக்குமா?”

“கொஞ்ச தூரம் மோசம். லாரி எதிர்ல வந்தா நின்னு வழி விடு. மத்தபடி ஓட்டிருவே.”

அந்த வழியை நான் முதலில் போட்டு, பிறகு தூரம் அதிகம் என்று விட்டிருந்தேன். அதை விட்ட அன்று எனக்கு ஒருநாள் முழுக்க மனசே சரியில்லை.

மறுநாள் சாயங்காலம் கிசில்-ஒய்யிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சுற்றி மலையெல்லாம் செக்கச் செவேலென்று இருக்கிறதாம், நடுவில் பச்சையாக ஊர், ஒரு வீட்டுத் தின்பண்டத் தட்டில் பாதாம்கூட இருந்ததாம்.

“திட்டத்துல இருந்ததவிட இதாம்ட்டி அழகு,” என்றாள் நெல்லை. “நீ சொன்ன ஒரு வளைவுகூட தப்பல.”

சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு, அது போதவில்லை.

ஓஷிலிருந்து திரும்பியவர்கள் விமான நிலையத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். மூக்கு உரிந்து, உதடு வெடித்து, கன்னம் சிவந்து. உலர்ந்த ஆப்ரிகாட், தேன், பூ வேலை செய்த கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி. ஒற்றைக் காலில் போட்டுக் காட்டினேன். கதை சொல்ல ஆரம்பித்தார்கள். நடுநடுவே ஒருத்தி, “அந்தக் கழுதை!” என்பாள், இன்னொருத்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். என்ன கழுதை என்று கேட்டேன். விளக்கினார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர்களுடையது அங்கே இருந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

“எல்லாம் வீடியோவுல பாத்தேன்,” என்றேன். “வாசனை மட்டும் தெரியல. அங்க என்ன வாசனை?”

நெல்லை யோசித்தாள். “ஏரிக்கரையில மழ பேஞ்சி வெயிலடிச்சிது. ஆட்டுப் புழுக்கையும் ஈரப் புல்லும். கொஞ்சம் துளசி மாதிரி ஒரு செடி, கால் பட்டா மணக்கும்.”

டெல்லி தலையை ஆட்டினாள். “எனக்கு ஒரு வாசனையும் வரல யார். அதான் விசேஷம். மூச்சை இழுத்தா ஒண்ணுமே இல்ல. காலியா, சில்லுனு உள்ள போச்சு.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

அடுத்த வருஷம் நெல்லைக்குச் சொந்த ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. இங்கே கல்லூரிகளில் ஒப்பந்த வேலையாகவே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய விஷயம். ரயிலடியில் வழியனுப்பினோம். ரயில் நகரும்வரை சீட்டுக்கு அடியில் மூட்டைகளைத் தள்ளுவதிலேயே குனிந்திருந்தாள், முகத்தைக் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை இப்போது டெல்லி மட்டும் வருகிறாள். பையனுடைய படிப்பைப் பற்றிப் பேசுவோம், வீட்டு வாடகையைப் பற்றிப் பேசுவோம்.

போகிற சுகத்தைவிடத் திட்டம் போடுகிற சுகம்தான் பெரிது என்று ஆபீசில் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகத்தான் இருந்தன, அவற்றை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகும். ஆனால் எனக்கு அந்த மேட்டில் ஏறி நிற்க வேண்டும். இன்னும் வேண்டும். மழைக்காலத்தில் கணுக்கால் வலிக்கும்போது, சரியாகிவிட்டது, இனி போகலாம் என்று நானே அதற்குச் சொல்லிக்கொள்கிறேன்.

சென்ற மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டெல்லியிடம் சொன்னேன். “திரும்ப லீவுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். கார் ஓட்ட அங்கேயே ஒரு ஆளை வச்சுக்கப் போறேன்.”

“அகேலியா?” என்றாள். தனியாகவா என்று அவளே தமிழிலும் கேட்டாள். பிறகு, “நான் வரட்டுமா?” என்றாள்.

எனக்கு முதல் தடவை. அவளுக்கு அது இரண்டாவது தடவையாக இருக்கும்.

“வா. ஆனா எதையும் முன்னாடியே சொல்லக் கூடாது.”

“பக்கா,” என்றாள். அடுத்த வாய் சாதத்தை எடுத்தவள், “ஆனா ஏரிக்கு முன்னாடி அந்த மேட்டுல ஏறுறப்போ—”

“சொல்லாதேன்னேன்ல!”

“அரே, நீதானே யார் எங்களுக்கே சொல்லி அனுப்புனே?”

“சொன்னேன். நேர்ல பாக்கல.”

அவள் சிரிக்கவில்லை. சாம்பார்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, எந்த மாசம் என்று கேட்டாள். ஜூன் என்றேன். பையனுக்கு அப்போது லீவுதான், பாட்டி வீட்டில் விட்டுவிடலாம் என்றாள்.